தம்பி கேட்ட இனிப்பு வான்டன்

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று தம்பியைப் பற்றிச் சொல்லாத உறவு கிடையாது. பஸ் கண்டக்டர். ஏறுகிறவர்களோடு சண்டை, இறங்குகிறவர்களோடு சமாதானம் என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பான். அந்த நாக்கில்தான் புற்று வந்தது. கதிர்வீச்சுக் கரன்ட் வைத்தும் அடங்கவில்லை. நாக்கை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், "என்னடா சாப்பிடுற?" என்று அக்கா கேட்டாள். கஞ்சி, பால் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள்.

"இனிப்பு வான்டன்," என்றான். வார்த்தை குழறியது. டெப்போவுக்கு எதிரே இருந்த சைனீஸ் கடையில், மாவுக்குள் பூரணம் வைத்துப் பொரித்த அதை டியூட்டி முடிந்ததும் வாங்கித் தின்பான். அந்தக் கடையை மூடி வெகுநாளாகிவிட்டது.

அக்கா தையல்காரி. வான்டன் தின்றிருக்கிறாளே தவிரச் செய்ததில்லை. மைதாவைப் பிசைந்து ஊறவைத்து, விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டினாள். வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு மசித்து, வறுத்த வேர்க்கடலைப் பொடியைக் கலந்து நடுவில் வைத்து மடித்தாள். துணியில் ஓரம் அடிக்கிறவளுக்கு மாவில் ஓரம் ஒட்ட வரவில்லை. எண்ணெயில் போட்டதும் முதல் ஈடு முழுக்கப் பிளந்துகொண்டது. சர்க்கரை கருகிப் புகைந்தது.

சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, எச்சில் வடிந்த வாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டான். "உன் வான்டனும் என்ன மாதிரியே ஓட்டவாய்க்கா. உள்ள ஒண்ணும் நிக்கல."

சிரித்தவள், சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தண்ணி கொண்டா," என்று அவனே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ஓரத்தில் ஈரம் தடவி, காற்றில்லாமல் அழுத்தி மூடினான். கடைக்காரர் செய்வதை நின்று பார்த்திருக்கிறானாம். அவன் மடித்தவற்றில் ஒன்றும் பிளக்கவில்லை. பொன்னிறமாக மிதந்தன.

கடித்தான். மொறுமொறுப்பான முனை புண்ணில் குத்தித் துண்டெல்லாம் ரத்தம்.

"வேண்டாம்டா, விட்டுடு."

"கொஞ்சம் இரு, அக்கா."

அவள் மேல்தோலை நீக்கிவிட்டு, உள்ளே இருந்ததை ஸ்பூனில் எடுத்து ஆற்றி ஊட்டினாள். வெகுநேரம் வாயில் வைத்திருந்தான்.

"இனிப்பு சரியா இருக்கா?"

தலையாட்டினான். அப்புறம் பொய் சொல்ல மனம் வரவில்லை போலும். "சூடு தெரியுது. இனிப்பு தெரியல. கரன்ட் வெச்சதுலேருந்தே எதுவும் தெரியலக்கா."

"அப்புறம் ஏன்டா கேட்ட?"

"நாளைக்கு மேல எதையும் வாயத் தொறந்து கேக்க முடியாதுல்ல." வான்டன் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான். "நீ சாப்பிட்டுச் சொல்லு."

அவள் கடித்தாள். "மேல மொறுமொறுன்னு இருக்குடா. உள்ள பழம் கொழகொழன்னு... சர்க்கரை ஒரு பிடி கூடிப்போச்சு. கடலை பல்லுல மாட்டுது."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னும் சொல்லு," என்றான்.

ஆபரேஷன் முடிந்து உயிரோடு வந்தான். பேச்சு போயிற்று. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. அவனுக்கு ஊற்றிவிட்டு, அவன் கண்ணில் படாமல் சமையலறையில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள் அக்கா.

ஒரு மத்தியானம் அவன் உள்ளே வந்தான். அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கூடத்து மேஜையில் வைத்தான். எதிரே உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆனால் தட்டு காலியாகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.