சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்

பத்துக்கு ஒன்று என மறுசரிபார்ப்புக்கு எடுத்து வைத்த படிவங்களில் ஒன்று அவளுடைய சொந்த வீட்டிலிருந்தே வந்திருந்தது. மக்களின் மனநிலையை அளந்து அறிக்கை போடும் அந்த ஆய்வு மையத்தில் அவள் ஒன்பது வருடங்களாகச் சரிபார்ப்பவள். ஊர் உலகத்தின் மனசெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பதில் சொன்னவர் ஆண், வயது எழுபத்தொன்று. அப்பாதான். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ‘ஒருவர்’ என்று இருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அம்மா போன பிறகு அப்பாவைக் கூட்டி வந்து மாடியறையில் வைத்து இரண்டு வருடமாகிறது. வேளை தவறாமல் மூடி போட்ட தட்டு மேலே போகிறது, காலியாகக் கீழே வருகிறது. ஒரு குறையும் வைத்ததில்லை என்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இயக்குநர் போன மாதம்தான் விருந்துக்கு வந்துபோனார். அவர் கண்ணில் இந்த முகவரி பட்டால் மானம் கப்பலேறிவிடும்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் படிவம் ஒன்று ஏற்கெனவே தப்பாகியிருந்தது. இன்னொன்றும் தப்பென்றால் வேலை போய்விடும்.

“போகாமலே நிரப்பிட்டியா?”

“இல்லக்கா, போனேன். பெரியவர் கேள்விய ரெண்டு தடவ படிக்கச் சொல்லி, யோசிச்சுத்தான் சொன்னார்.”

“கீழ ஆளுங்க இருந்தாங்களே, கேட்கலியா?”

“எதிர்க்கேள்வி கேட்கக் கூடாதுன்னு பயிற்சியில நீங்கதானேக்கா சொன்னீங்க.”

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அலுவலகத் தொலைபேசியில் அப்பாவை அழைத்தாள். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். கேள்வியை எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும் என்பது விதி.

“உங்கள் வீட்டில் சமைப்பதைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், உங்களையும் சேர்த்து, எத்தனை பேர்?”

‘சேர்ந்து உட்கார்ந்து’ என்பது அவளே சேர்த்தது. ஒரே வீட்டில் தனித்தனிக் குடும்பங்கள் இருந்தால் குழப்பம் வரக்கூடாது என்று போன வருடம் மல்லுக்கட்டிச் சேர்க்க வைத்தாள்.

“ஒருத்தர்” என்றார் அப்பா.

“கீழ யாரும் இல்லீங்களா?” விதியை மீறி வாய் கேட்டுவிட்டது.

“இருக்காங்க. ஒரு குறையும் வெச்சதில்ல.” அவர் குரல் தணிந்தது. “நீ சாப்ட்டியாம்மா?”

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்பாவும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கதவருகே யாரோ தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போகும் சத்தம்.

அவள் போனை வைத்தாள். ‘தப்பு’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அவளைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்தாள்.