புகைபோக்கியில் கரி

சோலார் விளக்கு இலவசமாக வரப்போகிறது என்ற கதை பரவியதும் அந்த ஒழுங்கையோர வீட்டுப் பெண்கள் செய்த முதல் வேலை, புது அடுப்பைக் கழுவி வெள்ளையடித்ததுதான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு அது. சுனாமி வழித்துப்போட்ட இடத்தில் ஒரு நிறுவனம் வரிசையாக வீடு கட்டத் தொடங்கியது. சண்டையால் வேலை நின்றது, தொடங்கியது, மறுபடி நின்றது. சண்டை ஓய்ந்த வருடம்தான் வீடுகளைக் கையில் கொடுத்தார்கள். மின்கம்பி இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. குறைந்த விறகில் எரியும் புகைபோக்கி அடுப்பும், சூடு வெளியேற முகட்டில் ஒரு வாயும் வைத்து, அவற்றை அன்றாடம் பாவிக்கிற வீடுகளுக்கு சோலார் விளக்கு இலவசம்.

பாவிக்கிற என்ற சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்க ஆள் வருகிறார் என்றால் வீட்டைத் துப்புரவாக்குவதுதானே முறை? அதனால் வெளியே மூன்று கல்லு வைத்துச் சோறு ஆக்கிக்கொண்டு, உள்ளே புது அடுப்பைக் கல்யாணப் பெண்ணைப்போல வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அடுப்பு மேடையில் கோலம் போட்டு, புகைபோக்கிக்குச் செவ்வந்தி மாலையும் போட்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்த வீடு குகதாசனுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். முப்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சு குறைவு. அலை வந்த காலையில் ஒரு வயது மகள் நிருஷா அவன் தோளில் இருந்தாள். மனைவி தவமலர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றை அவன் யாருக்கும் சொன்னதில்லை. கேட்கிறவர்களும் இல்லாமல் போனார்கள், எல்லா வீட்டிலும் அதே கதை இருந்தபடியால்.

பிள்ளை வாழைச்சேனையில் தவமலரின் அக்கா கேதீஸ்வரியிடம் வளர்ந்தாள். பிள்ளைக்கு மூச்சிழுப்பு. விறகுப் புகையும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குப் புகையும் கிட்டவும் வரப்படாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கேதீஸ்வரி வீட்டில் கரண்ட் இருந்தது, காஸ் அடுப்பு இருந்தது.

"புகையில்லாத வீட்டைக் காட்டுங்க தம்பி, அடுத்த நாளே கொண்டுவந்து விடுறன்" என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். "ஆனா ஜனவரியில பிள்ளைய முதலாம் வகுப்புல சேர்க்கோணும். இங்க சேர்த்தா இங்கதான். பிறகு வருசத்துக்கொருக்கா ஊர் மாத்தி விளையாடேலாது."

குகதாசனுக்கு அந்த விளக்கு வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

வீடுகளைப் பார்க்க வந்தவன் றிஸ்லான். ஓட்டமாவடிப் பொடியன், நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தன். மோட்டார் சைக்கிளை அன்னப்பூரணி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போனான். மாலையை மெல்ல விலக்கி, புகைபோக்கிக்குள் கையை விட்டு எடுத்தான். கை சுண்ணாம்பாய் வந்தது.

"அக்கா, கரி எங்க?"

"என்ன தம்பி சொல்றீங்க? எங்கட வீட்டுல கரியா? உங்களுக்காக ரெண்டு தரம் வெள்ளையடிச்சிருக்கன்."

"இதுல ஆக்கிறதில்லையா?"

"இதுலயா! இவ்வளவு வடிவான அடுப்பை ஆராவது ஊத்தையாக்குவாங்களா?"

அவளுடைய புருசன் தங்கராசா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வெளியே இருந்தான். "நான் சொன்னன் தம்பி. என்ட சொல்லு இந்த வீட்டுல எடுபட்டா, நான் ஏன் வாவியில போய் மீனோட கதைக்கிறன்?"

றிஸ்லான் தலையில் கைவைத்தான். வரிசையில் எல்லா வீட்டிலும் கை வெள்ளையாகவே வந்தது. குகதாசன் வீட்டில் மட்டும் கையில் ஒன்றுமே ஒட்டவில்லை.

"சேர், இது கழுவினதில்ல. இது எரிஞ்சதே இல்ல."

"ஓம்."

"ஏன் சேர்?"

"பால் காய்ச்சல்ல."

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. வீடு நிற்கிற அந்த வளவு தவமலருக்குச் சீதனமாக வந்தது. குகதாசன் மண்டூரிலிருந்து கல்யாணம் முடித்து அங்கே வந்தவன். புது வீட்டில் வீட்டுக்காரி பால் காய்ச்சி அடுப்பை மூட்டாமல் சோறு ஆக்குவதில்லை. வீட்டுக்காரி இல்லை. அவன் காலையில் கடைச் சாப்பாட்டையும் பின்னேரம் அன்னப்பூரணி தருவதையும் சாப்பிட்டுக்கொண்டு, அந்த வீட்டுக்குக் காவல்காரனைப்போல இருந்தான்.

றிஸ்லானின் சாச்சாவும் உம்மம்மாவும் அலை வந்த அதே காலையில் போனவர்கள்.

"எனக்கு வெளங்குது சேர். ஆனா பாவிக்கிறாங்க எண்டு நான் கண்ணால காணாம விளக்குத் தரேலாது. வாற புதன்கிழமை மறுகா வாறன். அண்டைக்கே லொறியில சாமானும் வரும். அதோட இந்தப் பக்கத்து வேலை முடிஞ்சிரும். எப்படியாச்சும் அடுப்ப மூட்டுங்க சேர்."

அன்று பின்னேரமே ஒழுங்கை முழுவதும் உள்ளடுப்புகள் எரியத் தொடங்கின. தேவைக்கும் எரித்தார்கள், தேவையில்லாமலும் எரித்தார்கள். தங்கராசா ஒரே நாளில் நாலு தேத்தண்ணி குடித்தான்.

குகதாசன் அன்னப்பூரணி வீட்டு வேலியடிக்கு வந்து நின்றான். "அக்கா, நீங்க ஒருக்கா வந்து பால் காய்ச்சித் தரேலுமா?"

"என்னைக் கேளாதீங்க தம்பி. இது மலர்ட வளவு. நான் காய்ச்சினா அந்த வீட்டுலயும் என்ட சட்டம்தான் ஓடும். பிறகு இந்த மனிசனைப்போல நீங்களும் இருந்து பேச்சு வாங்கோணும்." சிரித்துவிட்டு, உடனே குரலைத் தணித்தாள். "மலர்ட அக்காவைக் கூப்பிடுங்க. கூடப் பிறந்தவ செய்யலாம்."

அவன் போன் எடுத்தான். இரண்டு வசனத்தில் விசயத்தைச் சொன்னான். கேதீஸ்வரி வருவதாகச் சொன்னாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து பின்னேர பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை வரும்போது கச்சான் காற்று பிடித்து இரண்டு மூன்று நாளாகியிருந்தது. வாவிப் பக்கமிருந்து காய்ந்த சூட்டுக் காற்று மணலை அள்ளி வீட்டுச் சுவரில் எறிந்தது. கேதீஸ்வரி முந்தானையால் பிள்ளையின் மூக்கை மூடிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். உள்ளே வந்து முகட்டு வாயைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மூலைகளை மோந்தாள்.

"வீடு குளிர்த்தியாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

புதுப் பானையில் பால் ஊற்றி, தென்னம்மட்டையும் தேங்காய்ப் பொச்சும் வைத்து, குகதாசன் நெருப்புப் பெட்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நான் என்ட வீட்டுல எப்பவோ காய்ச்சிட்டன். இஞ்ச வீட்டுக்காரி இருக்கக்குள்ள நான் ஏன்?"

குகதாசனுக்கு விளங்கவில்லை.

"என்ன பாக்கிறீங்க? தாய்க்குப் பிறகு வளவு ஆருக்கு? மகளுக்குத்தானே. நிருஷா, இஞ்ச வா கிளி. உன்ட அடுப்பு இது."

அந்த வீட்டில் வீட்டுக்காரி இல்லை என்று அவன் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். அவள் வாழைச்சேனையில் கடற்கரைச் சோகி பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நிருஷா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குச்சியைத் தட்டினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. பொச்சு பிடித்து, மட்டை பிடித்து, நெருப்பு உள்ளே இழுபட்டது. எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு வெளியே ஒரு பெருங்காற்று. புகை போன வழியாலேயே திரும்பி, அடுப்பு வாயால் குபுக்கென்று அடுப்படிக்குள் விழுந்தது. நிருஷா இருமினாள். இன்னொரு முறை இருமினாள். மூன்றாவது இருமல் முடிகிறபோது மூச்சில் அந்த விசில் சத்தம் கேட்டது.

கேதீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கடல் பக்கத்து வேலியோரம் வைத்து முதுகைத் தடவி, பையிலிருந்து இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்தாள். பிள்ளை இழுத்து இழுத்து விட்டது.

"போதும் தம்பி" என்றாள் திரும்பாமலே. "விளக்கு வரட்டும், வராமப் போகட்டும். எனக்குப் பிள்ளைட நெஞ்சுதான் பெரிசு. அடுத்த பஸ்ஸுக்குப் போறம்."

அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குகதாசன் முற்றத்தில் நின்றான். பிள்ளை போய்விடும், ஜனவரியில் அங்கே சேர்ந்துவிடும், தான் ஞாயிறுக்கு ஞாயிறு பிஸ்கட் பைக்கற்றுடன் போய்வருவேன் என்று தோன்றியது. இப்படி ஏதாவது தோன்றினால் வழக்கமாக அவன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து இருந்துவிடுவான். இன்று கூரையைப் பார்த்தான்.

புகைபோக்கியின் மேல் மழை விழாமல் ஒரு தகர மூடி இருந்தது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்தது. திறந்த வாய் வாவியைப் பார்த்திருந்தது. கச்சான் நேரே அதற்குள் ஊதிக்கொண்டிருந்தது.

அவன் தண்ணீர்த் தொட்டியில் ஏறி, அங்கிருந்து கூரைக்குத் தாவினான்.

"ஐயோ தம்பி!" அன்னப்பூரணி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "என்ன செய்றீங்க?"

"மூடி."

"கிறுக்குங்க! வாயைக் கடல் பக்கமாத் திருப்புங்க!"

தகரம் கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கொதித்தது. அவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு திருகினான். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து றிஸ்லானின் மோட்டார் சைக்கிள் வந்தது.

"சேர்! நடு ஓட்டுல கால வைக்காதீங்க, விளிம்புல வைங்க!" அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான். கம்பியை அவன் வெட்டினான். குகதாசன் மூடியைத் திருப்பினான். புகை ஒருமுறை தடுமாறி, பிறகு கடல் பக்கமாக நீளமாய் இழுபட்டுப் போனது.

றிஸ்லான் கூரையில் நின்றபடியே ஒழுங்கையைப் பார்த்தான். எல்லா மூடியும் வாவிப் பக்கம்.

"அக்கா, உங்கட வீட்டுலயும் இப்படிப் புகை திரும்பி அடிக்குதா?"

"அடிக்காம? கச்சான் புடிச்ச நாளிலேருந்து கண்ணெரிஞ்சு சாகிறம்."

"ஒரு போன் போட்டுச் சொல்லப்படாதா?"

"சொன்னா, அடுப்புப் பிழை, விளக்கு இல்லை எண்டு போயிருவீங்களே! அதான் வாயப் பொத்திக்கிட்டு எரிச்சம்."

"யா அல்லாஹ்" என்றான் றிஸ்லான். "பிழை எங்கடயக்கா. கொழும்புல ஏசி அறையில இருந்து பிளான் கீறினவங்களுக்குக் கச்சான் எந்தப் பக்கம் எண்டு தெரியுமா? ஓட்டமாவடியில பிறந்த எனக்காச்சும் தெரிஞ்சிருக்கோணும்."

"இப்ப தெரிஞ்சிட்டுத்தானே. இறங்கி வந்து மற்ற வீட்டு மூடியையும் கிறுக்குங்க" என்றாள் அன்னப்பூரணி. தங்கராசா ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான்.

குகதாசன் இறங்கி வேலியோரம் போனான். பிள்ளையின் மூச்சு தணிந்திருந்தது. கேதீஸ்வரி பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"மச்சாள்" என்றான். "ஒருக்கா வந்து பாருங்க. புகை இருந்தா நானே பஸ் ஏத்திவிடுறன்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டு நாளாகிவிட்டது. அவனுடைய கையைப் பார்த்தாள். விரல்கள் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தன. பிள்ளையை அன்னப்பூரணியிடம் விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போனாள். அடுப்படியில் நின்றாள். வெளியே காற்று பலமுறை வந்து அடித்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"நிருஷா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "சுருக்கா வா. உன்ட பால் பொங்கப் போகுது."

பிள்ளை ஓடிப்போய்ச் சேர்ந்ததும் பால் பொங்கி வழிந்தது. அவள் கை தட்டினாள். இருமவில்லை.

மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு றிஸ்லான் வர மத்தியானமானது. புகைபோக்கிக்குள் கையை விட்டு எடுத்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு. அதைத் தூக்கி நிருஷாவிடம் காட்டினான்.

"வீட்டுக்காரம்மா, பாஸ்!"

குகதாசனுக்கு அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. ஏறவேண்டிய கட்டாயம் இல்லாத கூரையில் ஏறினதற்கு, முதல் நாளே விளக்கு இல்லை என்று வீட்டுப் பேரை வெட்டிவிடாமல் ஒரு கிழமை தந்ததற்கு. தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான்.

"என்ன சேர்?"

"சாப்பிட்டுப் போங்க."

அந்த வீட்டில் யாரையும் சாப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவை. றிஸ்லான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கேதீஸ்வரி பாலில் அரிசி போட்டு ஆக்கிய புக்கையை இலையில் போட்டாள். அவன் மறுகாவும் வாங்கிச் சாப்பிட்டான்.

லொறி பின்னேரம் வந்தது. கூரையில் சோலார் பலகையைப் பூட்டி, உள்ளே கம்பி இழுத்து, அடுப்படிக்கு ஒன்றும் நடு அறைக்கு ஒன்றுமாக விளக்குப் போட்டார்கள். வெயில் இருக்கும்போதே நிருஷா அவற்றைப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

பஸ் வருகிற நேரம் கேதீஸ்வரி எழும்பினாள். பையைத் திறந்து பிள்ளையின் உடுப்பையும் பம்பையும் மருந்துப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு உடுப்பு கொண்டுவந்திருந்தாள் என்பதைக் குகதாசன் அப்போதுதான் கண்டான். பிள்ளையை விட்டுப்போக ஆயத்தமாகத்தான் அவள் வந்திருக்கிறாள். ஐந்து வருடம் நெஞ்சில் போட்டு வளர்த்தவள்.

"ராவைக்கு இழுத்தா இதுல ரெண்டு தரம்" என்றாள். "பள்ளிக்கூடச் சப்பாத்து நான்தான் வாங்குவன். நீங்க வாங்கப்படாது."

"சரி மச்சாள்."

"வாற சனி வாறன். அடுப்புல கரி இருக்கா எண்டு நானும் கைய விட்டுப் பாப்பன்."

குகதாசன் குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் பதறி விலகி, "என்ன தம்பி இது, ஒழும்புங்க, ஆரும் பாக்கப் போறாங்க" என்று அவனைத் தூக்கிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு வேகமாக நடந்தாள்.

பிள்ளை அழும் என்று குகதாசன் எதிர்பார்த்தான். அவள் பஸ் மறையும் வரைக்கும் கையைக் காட்டினாள். பிறகு அவன் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ராவைக்கு என்ன சாப்பாடு?"

அவன் யோசித்தான். சோறு ஆக்கத் தெரியாது. அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும் என்று கேட்க வேலியடிக்குப் போனான்.