சஹனுக்கு இரண்டு பேர்

என் வாய் சும்மா இருக்காது. அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்று தின்பது, இன்னொன்று பேசுவது. இரண்டாவது வேலையால் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீஸ். மதியம் ஒரு மணி ஆனால் பத்துப் பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்துவிடுவோம். ஜாபேஸ் வீட்டுச் சாளை மீன் குழம்பு என் டப்பாவுக்கு வரும், என் வீட்டு அவியல் அமலன் டப்பாவுக்குப் போகும். மேனேஜர் சங்கரலிங்கம் சார் மட்டும் டாணென்று ஒரு மணிக்குத் தன் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். ஒன்றரைக்குத்தான் திறப்பார். ஐந்து வருடமாக அவர் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு ஜீவன் பார்த்ததில்லை. வலது கையை எப்போதும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடப்பார். கையெழுத்து இடது கையால். யாருக்கும் கைகொடுக்க மாட்டார். திமிர் பிடித்த மனுஷன் என்று நாங்கள் முடிவு கட்டி ரொம்ப நாளாகிறது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் ஓட்டெடுப்பு வைத்தேன். "கதவைச் சாத்திக்கொண்டு சார் தின்பது என்ன? நண்டா, பிரியாணியா, பழைய சோறா, வெறும் குறட்டையா?" நானே நண்டுக்கு ஒரு ஓட்டும் போட்டேன். ஜாபேஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான்.

"ஏலே, ஆபீஸ் குரூப்புல போட்டிருக்கலே! சார் இருக்கிற குரூப்பு!"

அழிக்கப் போவதற்குள் சாரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "முத்துச்செல்வம், திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு என் அறைக்கு வரவும்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வயது மகளுக்குச் சோற்றை உருண்டை பிடித்து ஊட்டும்போதுகூட அதே நினைப்புதான்.

ஆனால் நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்ததே! எங்களோடு வேலை பார்க்கும் ஹுதைஃபாவுக்குக் காயல்பட்டினத்தில் கல்யாணம். அந்த ஊர்க் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி அவன் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எங்கள் நாக்கைக் கெடுத்து வைத்திருந்தான். வேலை போனால் போகட்டும், நெய்ச்சோறு போகக் கூடாது. ஜாபேஸும் அமலனும் ஒரு பைக்கில், நான் ஒரு பைக்கில், மூன்று பேரும் காலைச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டுக் கிளம்பினோம். உப்பளம் தாண்டி, முக்காணி தாண்டி, ஆத்தூர் வரும்போதே நெய் வாசம் அடிப்பதாக அமலன் சத்தியம் செய்தான்.

கல்யாண வீட்டில் பாய் விரித்து வரிசை வரிசையாக ஆட்கள். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, களறிக்கறி என்கிற ஆட்டுக்கறியும் கத்திரிக்காய் மாங்காயும் பக்கத்தில் வைத்து, ஒரு சஹனுக்கு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். இரண்டு பேரும் அந்த ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மூன்று பேர்!

திரும்பிப் பார்த்தேன். துரோகிகள் இரண்டு பேரும் அதற்குள் எதிரெதிரே உட்கார்ந்து பல்லைக் காட்டினார்கள்.

பந்தி பார்த்துக்கொண்டிருந்தவர் ஹுதைஃபாவின் தாய்மாமா முத்துவாப்பா. தனியாக நின்ற என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு வாசல் பக்கம் கை காட்டி, "அங்கன வாராஹளே, உங்க ஆபீஸ்காரஹதானே? ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க, தம்பி" என்றார்.

வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தது சங்கரலிங்கம் சார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் சஹன் வந்துவிட்டது, வாசம் மூக்கில் ஏறிவிட்டது. கை கழுவத் தண்ணீர் ஊற்ற ஆள் வந்ததும் சார் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அந்தக் கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. சுட்டுவிரல் விறைத்து நின்றது. கட்டைவிரல் மட்டும் அசைந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் ஆரம்பித்தார்கள். சார் சோற்றில் கை வைத்தார். எடுத்தது எல்லாம் பாதி வழியிலேயே உதிர்ந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி உதிர்ந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"நீரு சாப்பிடும்வே. எனக்கு வயிறு சரியில்ல."

பக்கத்துச் சஹனிலிருந்து ஒருவர், "என்ன, கை வைக்காம இருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். நாலைந்து தலைகள் திரும்பின. சாரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. என் மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. இந்த மனுஷனை வைத்தா நான் நண்டு, குறட்டை என்று எழுதினேன்!

அப்போதுதான் கேள்வி கேட்டவரின் கையைக் கவனித்தேன். அவர் ஒரு பெரிய கறித்துண்டைப் பிய்த்து, நல்ல பாகத்தைத் தன் ஜோடியின் பக்கம் தள்ளிவிட்டார். எதிரே இருந்தவரும் அப்படியே செய்தார். வரிசை முழுக்க அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. சஹனில் அதுதான் மரியாதை.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டேன். கறியை எலும்பிலிருந்து உரித்து, சோற்றோடு பிசைந்து, இறுக்கி உருண்டை பிடித்தேன். தினமும் மகளுக்குப் பிடிக்கிற கை, உதிரவே உதிராது. ஒவ்வொன்றாகச் சாரின் பக்கம் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் உருண்டையைக் கவ்விக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்தது! நான் கை தட்டாத குறைதான். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, இரண்டு அவருக்கு என்று கை பறந்தது. களறிக்கறி அப்படியே கரைந்தது. கத்திரிக்காய் மாங்காயின் புளிப்பு நெய்யை வெட்டிக்கொண்டு இறங்கியது.

"அந்தக் கத்திரிக்காய இன்னுங் கொஞ்சம் சேர்த்துப் பிடியும்வே" என்றார் சார், வாய் நிறைய.

முத்துவாப்பா எங்கள் அருகே நின்று, "பாத்தியளா, சஹன்ல இருந்தா இப்படில்லா இருக்கணும்!" என்று வரிசைக்கே எங்களைக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் அந்தக் கை படவில்லை. மறுசோறு கேட்டது சார்தான்.

கை கழுவும் இடத்தில் மெல்லச் சொன்னார். "கப்பலைக் கரையில கட்டுற கயிறு அறுந்து அடிச்சுது. பன்னெண்டு வருஷம் ஆச்சு. பாவம் பாத்தானுவன்னா எனக்குப் பிடிக்காது."

"சார், அந்த ஓட்டெடுப்பு..."

"திங்கக்கிழமை, ஒரு மணி." கை மறுபடி பைக்குள் போய்விட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஜாபேஸ் பைக்கை என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு துளைத்தான். "என்ன பேசினாருலே? சொல்லுலே!" என் வாய்க்கு அன்றைக்கு வந்த சோதனை வேறு எவனுக்கும் வரக் கூடாது. "நல்லா சாப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கதவைத் தட்டினேன். உள்ளே மேசைக்கு எதிரே புதிதாக ஒரு நாற்காலி கிடந்தது. சாரின் டப்பா திறந்திருந்தது. துண்டு துண்டாக நறுக்கிய இட்லி, ஒரு ஸ்பூன். எங்கள் ஓட்டெடுப்பில் இட்லி இல்லவே இல்லை.

"இதக் காட்டிட்டு, நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் உம்மைக் கூப்பிட்டேன்" என்றார். "இனி என்னத்தக் கேக்க? உம்ம டப்பா எங்க?"

"வெளிய இருக்கு, சார்."

"எடுத்துட்டு வாரும்."

வெளியே ஓடினேன். டப்பாவில் வைத்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஜாபேஸ் எழுந்தே விட்டான். "வேல போச்சாலே?"

"சாளைக் குழம்பு இருக்கா? கொஞ்சம் தாராளமா ஊத்து" என்றேன். அவன் வாயைப் பிளந்துகொண்டே ஊற்றினான்.

உள்ளே போய் நானே கதவைத் தாழ் போட்டேன். மீனில் முள் எடுத்து, முதல் உருண்டையை வைக்கும்போது போன் துடித்தது. சாப்பாட்டுக் குரூப்பில் ஜாபேஸ் புது ஓட்டெடுப்பு வைத்திருந்தான். "கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரண்டு பேரும் தின்பது என்ன? நண்டா, பிரியாணியா, பழைய சோறா?"

"என்னவே அது?" என்றார் சார். மறைக்க மனம் வரவில்லை, காட்டினேன்.

அவர் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு என் போனைத் தன் பக்கம் இழுத்து, இடது கை விரலால் நண்டுக்கு ஓட்டுப் போட்டார்.