ஜட்காவுக்கு ரிஜிஸ்தர் இல்லை

மைசூரில் தசரா ஒன்பது நாளும் குழந்தை பிறப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் இதை நம்பமாட்டார்கள். அது அவர்கள் கஷ்டம். மாசம் நிறைந்த பெண்கள் எல்லோரும், "ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்த்தப்புறம் வா, ஒண்ணும் அவசரமில்லை" என்று வயிற்றைத் தடவிச் சொல்லிவைத்துவிடுவார்கள். மைசூர்க் குழந்தைகள் சொன்ன பேச்சைக் கேட்கும். பிறந்த பிறகுதான் கேட்பதில்லை. 1934-ல் இந்த வழக்கம் முற்றிப்போய், சயாஜி ராவ் ரோட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி மேஜைமேல் ஒரு பூனை ஏறிப் படுத்து, எட்டாம் நாள் மூன்று குட்டி போட்டது. கனகலக்ஷ்மிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள்.

"இது கணக்கில் சேருமாம்மா?" என்று மேட்ரன் கமலம்மாளிடம் கேட்டாள்.

"பூனைக்கு ரிஜிஸ்தர் இல்லை," என்றாள் மேட்ரன், ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தாமல்.

கனகலக்ஷ்மி கேட்டது வேடிக்கைக்கு அல்ல. ரயில்வே கார்டு சாம்பசிவனின் மனைவியான அவள், அந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்தவள். ஆஸ்பத்திரி வாசப்படிக்கு உள்ளே, தன் கையால் இருபது பிரசவம் பார்த்து, ரிஜிஸ்தரில் ஏறினால் சர்ட்டிபிகேட். பத்தொன்பது ஆகிவிட்டது. விஜயதசமி சாயங்காலம் ஆறு மணிக்கு ரிஜிஸ்தரை மூடி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தவறினால் இன்னும் ஒரு வருஷம். அதற்குள் முனிசிபாலிடி திறக்கிற புதுப் பிரசவ விடுதி வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

சாம்பசிவனுக்கோ பொறுமை என்பதே கிடையாது. அவள் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே, "ஸ்ரீமதி கனகலக்ஷ்மி அம்மாள், மருத்துவச்சி" என்று ஒரு போர்டு எழுதி வாங்கிவந்துவிட்டார்.

"சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் அது என் கண்ணில படக்கூடாது," என்றாள் அவள். அதனால் போர்டு கூடத்துச் சுவரில், எழுத்து சுவரைப் பார்க்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு மாசமாய்த் தொங்கியது.

முதல் மூன்று வாரம் மேட்ரன் அவளைப் பிரசவ அறைப் பக்கமே விடவில்லை. வெந்நீர் போடு, துணி அலசு, அவ்வளவுதான். கூடப் பயிற்சிக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கனகலக்ஷ்மி, வெந்நீர் அடுப்பு வாசலுக்கு நேராக இருந்ததால், வாசலின் ஏழு படியையும் பெண்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை இடுப்பில் என்றால் இன்னும் ஆறு மணி நேரம். இரண்டு கையும் கைப்பிடியில் என்றால் இரண்டு மணி. கைப்பிடியையே விட்டுவிட்டுப் புருஷன் சட்டையைப் பிடித்தால் வெந்நீரை இறக்கிவிட வேண்டியதுதான். நாலாவது வாரம் அவள் சொல்கிற நேரத்துக்கு மேட்ரன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

விஜயதசமி அன்று பூனையைத் தவிர யாரும் இல்லை. "போய் ஊர்வலமாவது பாரு. யாராவது வந்தா ஆள் அனுப்பறேன்," என்றாள் மேட்ரன்.

சயாஜி ராவ் ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில், மரத்தடியில் அவளுக்காக நின்றிருந்தார் சாம்பசிவன். நஞ்சன்கூடு வண்டியிலிருந்து நேரே வந்திருந்தார். வெள்ளை யூனிபாரம், கழுத்தில் விசில், கக்கத்தில் சுருட்டிய சிவப்புக்கொடி. பச்சைக்கொடியை வழக்கம்போல வண்டியிலேயே மறந்துவிட்டிருந்தார்.

"யாரும் வரலையா, கனகு?"

"பூனைதான்."

அவர் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவள் அதில் கையை விட்டபோதுதான், முன்னால் நின்ற நிறைமாசக்காரி ஒருத்தி சட்டென்று பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்ததைப் பார்த்தாள்.

பொரிகடலை கீழே கொட்டியது.

"ஏம்மா, வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"விடியக்காலம் ஹனூர்ல பஸ் ஏறுறப்பவே சுருக்குச் சுருக்குன்னுச்சுங்க," என்றாள் அந்தப் பெண். பழனாத்தாள் என்று பேர். "இது பத்து நாளா உள்ளார சிலம்பமே ஆடுதுங்க."

சட்டைக்குச் சொந்தக்காரனான அவள் புருஷன் பழனிமுத்து அதிர்ந்துபோனான். "அடி கூறுகெட்டவளே, சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்னைய ஊட்டுல உட்டுப்போட்டு நீங்க மட்டும் ஆனை பாத்துட்டு வந்து கதையளப்பீங்க. போன வருசம் அளந்தாப்பல."

"எதிர்ச்சாரியிலதான் ஆஸ்பத்திரி. ஊர்வலம் வர்றதுக்குள்ள ரோட்டைத் தாண்டிடலாம், வா," என்றாள் கனகலக்ஷ்மி.

"அம்பாரி பாக்காம நா நகர மாட்டனுங்க. கல்யாணமாகி எட்டு வருசமாப் பாக்கோணும் பாக்கோணும்னு இருக்கேன்."

பழனிமுத்து குரலைத் தாழ்த்தினான். "அம்மிணி, நீங்க கொஞ்சம் பயங்காட்டிச் சொல்லுங்க. உசுருக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துருவா."

ஒரே ஒரு வார்த்தை. ரோடு காலியாகக் கிடந்தது. எதிரே ஏழு படியும் தெரிந்தன. கனகலக்ஷ்மி புடவைக்கு மேலாகவே பழனாத்தாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தலை நேராக இறங்கியிருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை. பழனாத்தாள் வலியோடு குதிகாலைத் தூக்கி, கூட்டத்துத் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்மனைப் பக்கம் பாண்டு வாத்தியம் கிளம்பியது.

"ஆபத்து ஒண்ணும் இல்லை," என்றாள் கனகலக்ஷ்மி. "பாத்துட்டே போகலாம். வலிச்சா என் தோளைப் பிடிச்சுக்கோ." பிறகு புருஷனிடம், "ஏன்னா, ஒரு ஜட்கா வண்டி கொண்டுவந்து இந்த மரத்தடியில நிறுத்துங்கோ," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்.

அம்பாரி வந்தது. மேற்கு வெயில் தங்கத்தில் பட்டு எதிர்ச்சாரி வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சளாயிற்று. பழனாத்தாள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். கனகலக்ஷ்மியின் தோளில் அன்று பதிந்த அஞ்சு விரலும் தீபாவளி எண்ணெய்க் குளியல் வரைக்கும் இருந்தது. யானையின் வால் கண்ணுக்கு மறைந்ததும் பழனாத்தாள், "நல்லாருந்துச்சுங்க. போலாமுங்க," என்றாள்.

குழந்தை அந்த உத்தரவுக்குத்தான் காத்திருந்தது. ஜட்காவில் ஏற்றிப் படுக்கவைப்பதற்கும் அது பிறப்பதற்கும் சரியாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் புடவைத் தலைப்புகளை விரித்து மறைப்புக் கட்டினார்கள். கொதிக்கவைத்த நூலும் கத்திரியும் இல்லாமல் கனகலக்ஷ்மி அந்த ஆறு மாசத்தில் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. பையைத் திறந்து கொடியைக் கட்டி அறுத்தாள். பெண் குழந்தை. அது போட்ட சத்தத்தில் பாண்டுக்காரர்கள் ஒரு அடி விட்டுவிட்டார்கள்.

சாம்பசிவன் மறைப்புக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு பத்து. ரைட் டைம். கனகு, இது கணக்கில வராதா?"

"வராது. ஆஸ்பத்திரிக்குள்ள பிறக்கணும். உங்க கோட்டைக் குடுங்கோ."

கோட்டில் குழந்தையைச் சுற்றிப் பழனாத்தாளின் மார்பில் வைத்தாள். கனகலக்ஷ்மியின் கண் ஒரு தரம் எதிர்ச்சாரிப் படிகளுக்குப் போய்த் திரும்பியது. நஞ்சுக்கொடி இறங்குகிறதா என்று வயிற்றில் கை வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்னா, சிலம்பம் ஒத்தை ஆளா ஆடமுடியுமா?"

"அதெப்படி? எதிர்ல ஒருத்தன்—"

"ரோட்டைத் திறங்கோ!"

அம்பாரிக்குப் பின்னால் குதிரைகள், ஒட்டகங்கள், பீரங்கி வண்டிகள் எல்லாம் போய், வரிசையாய்க் கடைசி யானைகள் வந்துகொண்டிருந்தன. சாம்பசிவன் ரோட்டின் நடுவே போய் நின்றார். விசிலை ஊதினார். சிவப்புக்கொடியை விரித்தார்.

முன்னால் வந்த யானை நின்றது. அது பல வருஷம் காட்டு ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு மரம் ஏற்றின யானை; கொடி தெரிந்த யானை. பின்னால் வந்ததெல்லாம் நின்றது. ஜட்கா குறுக்கே புகுந்து போய்விட்டது.

அப்புறம்தான் சங்கடம். பச்சைக்கொடி காட்டாமல் அது நகராது. மாவுத்தன் கெம்பையன் அதட்டினான், கெஞ்சினான், வெல்லம் காட்டினான். யானை சிக்னலுக்குக் காத்து நின்றது. கடைசியில் சாம்பசிவன் ஒரு சாப்பாட்டுக்கடையிலிருந்து முழு வாழையிலை வாங்கிவந்து ஆட்டினார். யானை கொடியை வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில், பூனையை இறக்கிவிட்ட மேஜைமேல், அஞ்சு நாற்பத்திரண்டுக்குப் பழனாத்தாளுக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்தது. மேட்ரன் கமலம்மாள் ரிஜிஸ்தரைத் திறந்து இருபது என்று எழுதினாள்.

"மூத்தது எங்கே பிறந்தது?"

"ஜட்காவில, அம்மா."

"ஜட்காவுக்கு ரிஜிஸ்தர் இல்லை." மையை ஒற்றினாள். "உடனே கூட்டிவந்திருந்தா ரெண்டும் இங்கேயே ஆயிருக்கும். இந்த ஒண்ணும் தவறியிருந்தா உன் கதி?"

கனகலக்ஷ்மி கத்திரியைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"அம்பாரியைப் பாத்தாளா?" என்று கேட்டாள் மேட்ரன்.

"பாத்தா, அம்மா."

இருபத்திரண்டு தசராவும் டியூட்டியிலேயே கழித்தவள் மேட்ரன். பேனாவை மூடிவிட்டு, பழனாத்தாளின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படி இருந்ததும்மா? அம்பாரி நிஜமாவே தங்கமா?"

பழனாத்தாள் ஆரம்பித்தாள். கனகலக்ஷ்மி ரயில்வே கோட்டிலிருந்த பெண் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தானும் பார்க்காத யானையைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குப் போனாள். கோட்டு இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் சாம்பசிவன். கண்ணாலேயே கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு சுவரைப் பார்த்தாள். போர்டு எழுத்தைக் காட்டிக்கொண்டு நேராகத் தொங்கியது.

"அதுக்குள்ள யார் வந்து சொன்னா?"

"யாரும் சொல்லலை. காலம்பற நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதும் நான்தான் திருப்பினேன்."

"காலம்பற பத்தொன்பதுதானே?"

"எழுதினவன் இருபதுன்னு எங்கே எழுதியிருக்கான்? படிச்சுப் பாரு," என்றார் சாம்பசிவன்.

கனகலக்ஷ்மி கிட்டப் போய்ப் படித்தாள். போர்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்தாள்.