கம்பி மேலே இருக்க வேண்டும்

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இழுவை மேல்பக்கம்தான் வரும். கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியும் அங்கேதான் இருக்க வேண்டும். கட்டடக்கலைப் படிப்பில் இந்தப் பாடத்தை ஒருமுறை கோட்டைவிட்டவள் நான். இரண்டாம் முறை உட்கார்ந்தபோதுதான் மண்டையில் ஏறியது. எங்கள் பால்கனிக்கு அப்பா கம்பி கட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். எல்லாம் கீழே.

பால்கனிக்கு அடியில் முட்டு இருக்கும்வரை பயமில்லை. ஆனால் அன்று எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழா. ஊர்வலம் வரும் தெருவில் மூங்கில் முட்டோடு வீடு நின்றால் அப்பாவின் மானம் என்னாவது? நான் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கியபோது முட்டுகளைக் காணோம். காகிதத் தோரணம் தொங்கியது. மேலே பால்கனியில் பாதித் தெரு கூடியிருந்தது.

மூச்சிரைக்க மாடியேறினேன். "அப்பா, எல்லாரையும் உள்ள கூப்பிடுங்க! கம்பி கீழ கிடக்கு, பால்கனி தாங்காது!"

"வாங்க இஞ்சினியரம்மா!" அப்பா பீர் கிளாஸைத் தூக்கினார். "ஃபெயிலான பாடத்த எனக்கே நடத்துறியா? காலமெல்லாம் கொத்து வேலை பாத்தவன்டி நான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். தளம் சுவரைத் தொடும் இடத்தில் முடிபோல ஒரு விரிசல் ஓடியது.

"லெச்சோனை வெட்டுறாங்க!" என்று கத்தினேன். "தோல் தீரப்போகுது!"

முழுசாக வாட்டிய பன்றியின் முறுமுறு தோலென்றால் எங்கள் ஊரில் யாரும் நிற்கமாட்டார்கள். ஒரே ஓட்டத்தில் பால்கனி காலியானது. அப்பா மட்டும் நகரவில்லை.

"நான் கட்டுனது. நான் நிப்பேன்."

விரிசலைக் காட்டினேன். கெஞ்சினேன். கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். தெருமுனையில் மேளம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே இதற்கடியில் வரும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. விரிசலைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

"அப்ப நானும் உங்ககூடவே நிக்கிறேம்ப்பா."

"வராதடி!" அப்பா அலறினார். "பாரம் கூடும், வராத!"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. கைப்பிடியை விட்டு மெல்ல மெல்ல நடந்து உள்ளே வந்தார். வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கீழே, வெட்டாத பன்றியைச் சுற்றி நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூங்கில எங்கடா போட்டீங்க?" என்று அப்பா கத்தினார். "ஓடுங்க, தெருவ மறிங்க!"

சான் ரோக்கே சிலையோடு ஊர்வலம் எங்கள் வீட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. ஊரே பார்க்க, அப்பா தன் கையாலேயே முட்டுக் கொடுத்தார். மூங்கிலின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.