ஒடுக்கைக் காணோம்

பழைய கார் சங்கத்துப் பரிசோதகர் வலது மட்கார்டை உள்ளங்கையால் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. டிங்கரக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நன்றாகத் தடவட்டும். பதினான்கு மாதம் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்து அவள் தட்டியெடுத்த வழவழப்பு அது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

"ஒடுக்கு எங்கே?" என்றார் பரிசோதகர்.

"எடுத்துட்டேன் சார்."

"ஏன் எடுத்தீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "ஒடுக்கு எடுக்கறதுதான் சார் என் பொழப்பு."

பரிசோதகர் ஃபைலிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை உருவி பானெட்டின் மேல் வைத்தார். பந்தயத் திடல். கோப்பையும் கையுமாக ஓர் இளம்பெண். பக்கத்தில் இதே கார். வலது மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம்.

"இந்த மாடல்ல மொத்தமே பன்னிரண்டு கார்தான். நம்பர் தகடு துருப்பிடிச்சுப் போச்சு. இஞ்சின் ரெண்டு தடவை மாறிடுச்சு. கோப்பை ஜெயிச்ச கார் இதுதான்னு சொல்ல மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த ஒடுக்கு. அதைப் போய்..." அவர் கை தன்னையறியாமல் மறுபடியும் மட்கார்டைத் தடவியது. "ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க."

காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் பெயின்ட் டப்பா மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

 கோப்பை ஜெயித்த கார் இதுதான் என்று சங்கத்தின் சான்றிதழ் வந்தால் அடுத்த மாதம் பழைய கார்களின் பந்தயத்தில் இந்தக் கார் ஓடும், ஓட்டப்போவது டிங்கரக்கா. டாக்டரின் இடுப்பு அந்த சீட்டுக்குள் நுழையாது என்பதால் கிடைத்த வாக்கு அது. சான்றிதழ் வராவிட்டால், சோபா கடைக்காரர் ஒருவர் தன் கண்ணாடி ஷோரூமில் நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓடுகிற கார், ஒரு சோபாவுக்குப் பக்கத்தில்.

"சார், பரம்பரையைச் சொல்றேன் கேளுங்க," என்று டாக்டர் மன்றாடினார். "பந்தயம் ஓட்டினவங்ககிட்டேர்ந்து ஐஸ்கிரீம் கம்பெனி வாங்குச்சு. அப்புறம் ஒரு போட்டோகிராபர். அப்புறம் கோழிப்பண்ணைக்காரர். அவர்கிட்டேர்ந்து என் மாமனார்."

"கோழி இறகு சீட்டுக்கடியில இருந்துச்சு சார்," என்றாள் டிங்கரக்கா. "பெயின்டும் அதே வரிசையில, கடைசியிலேர்ந்து உரிஞ்சுது. சிவப்பு, பச்சை, கறுப்பு, ஐஸ்கிரீம் ரோஸ், அடியில பந்தய நீலம்."

"நீலம் பன்னிரண்டுக்கும் உண்டும்மா. கார் படத்தோட ஒத்துப்போகணும். அதான் விதி."

மெக்கானிக்கான கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, ஒரே போடு. திரும்ப வந்துடும்."

"வாயை மூடு தம்பி. அது கள்ளக் கையெழுத்து போடற மாதிரி."

வாசலில் கார்க்கதவு படாரென்று அறைந்தது. படத்தில் இருந்த பெண்ணையே பரிசோதகர் தன் காரில் கூட்டிவந்திருந்தார்; இவ்வளவு நேரம் அதற்குள் உட்கார்ந்திருந்தவர் இப்போது இறங்கி வந்தார். அன்று பத்திரிகைகள் சூறாவளி என்று எழுதிய ஆள். இப்போது எழுபது தாண்டியும் நடையில் அதே பெயர் மிச்சமிருந்தது.

"உங்க வண்டியில வந்ததுக்கு நடந்தே வந்திருப்பேன்," என்று பரிசோதகரிடம் சொல்லிக்கொண்டே காரை ஒரு சுற்று வந்தார். "இதுவா என் கார்? இவ்வளவு லட்சணமா அது ஒரு நாளும் இருந்ததில்லையே."

பிறகு டிங்கரக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, அந்த ஒடுக்கு எப்படி இருந்துச்சு?"

டிங்கரக்கா கண்ணை மூடினாள். விரல்கள் காற்றில் மட்கார்டைத் தேடின. "மேல ஆழம். கீழ வரவர லேசு. லாடம் மாதிரி ஒரு வளைவு. கல்லும் இல்ல, சுத்தியலும் இல்ல. என்ன பட்டுச்சுன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு."

சூறாவளி பரிசோதகரின் பேனாவைப் பிடுங்கி, துண்டுச்சீட்டில் என்னமோ எழுதி, நான்காக மடித்து அவர் சட்டைப்பையிலேயே செருகினார்.

"இது என் கார்னா இன்னிக்குத் திடல்ல என்ன பண்ணும்னு எழுதியிருக்கேன். மத்த பதினொண்ணும் அதைப் பண்ணாது. ஓட்டட்டும் இந்தப் பொண்ணு."

"ஆள் சாட்சி விதியில இல்லம்மா," என்றார் பரிசோதகர்.

"வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னும் விதியில இல்லையே."

அரை மணியில் எல்லோரும் திடலில் இருந்தார்கள். வழியில் மானம் போகக்கூடாதென்று கொழுந்தன் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பியிருந்தான். டிங்கரக்கா ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

அம்மாடி. இஞ்சின் உறுமியபோது பல்லெல்லாம் அதிர்ந்தது. முதல் வளைவு, இரண்டாவது, இடப்பக்கம் வெட்டித் திரும்பும் மூன்றாவது. ஒவ்வொரு வளைவும் அவள் குடலை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் போனது. ஒரு குறையும் இல்லாமல் சுற்று முடிந்து வந்து நின்றபோது அவள் காது வரைக்கும் சிரித்தாள்.

சூறாவளியின் முகம் தொங்கிவிட்டது. "இன்னொரு சுத்து," என்றார்.

நன்றாக ஓடினால் ஏன் முகம் தொங்க வேண்டும்? டிங்கரக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் இன்னொரு சுற்று என்று கேட்டால் வேண்டாமென்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? இரண்டாவது ஓடினாள். மூன்றாவதும். வேலிக்கு இந்தப்பக்கம் சூறாவளி ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார். ஆறாவது சுற்றில் டிங்கரக்கா வாய்விட்டுப் பாடினாள். ஒன்பதாவதில் வரிகள் தீர்ந்து வெறும் லாலாலா.

பதினோராவது சுற்று. மூன்றாவது வளைவில் கார் ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல். அப்படியே நின்றது.

சாவியைத் திருகினாள். இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினாள். தூரத்தில் பரிசோதகர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. போச்சு. சான்றிதழ் போச்சு, பந்தயம் போச்சு, இனி இது சோபாவுக்குத் துணை. பதினான்கு மாதமாகப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட பாவி இப்படியா காலை வாரும்?

கீழே இறங்கினாள். கார் முன்னால் நின்றாள். பட்டறை பூட்ஸின் குதிகால் அவளைக் கேட்காமலே பறந்துபோய் வலது மட்கார்டில் இறங்கியது. டொம்.

அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மேலே ஆழம். கீழே வரவர லேசு. லாடம் மாதிரி ஒரு வளைவு.

எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் வந்தது சூறாவளி. மூச்சு வாங்கச் சிரித்ததில் பேச்சே வரவில்லை. பரிசோதகரின் பையைக் கையால் காட்டினார். அவர் சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"மூன்றாவது வளைவில் நின்றுவிடும். ஓட்டுகிறவள் இறங்கி உதைப்பாள்."



"டேங்க் என் அண்ணன் தகரத்தை வெட்டிப் பத்தவச்சது," என்றார் சூறாவளி. "உள்ள தடுப்பு வைக்க மறந்துட்டான். பாதிக்குக் கீழ போனா இந்த வளைவுல பெட்ரோல் பூரா ஒரு பக்கமா ஒதுங்கிடும், இஞ்சினுக்குச் சொட்டு கிடைக்காது. அன்னிக்கும் இங்கதான் நின்னுச்சு. உதைச்சேன், கிளம்புச்சு, ஜெயிச்சேன்."

கொழுந்தன் சாவியைத் திருகினான். ஒதுங்கியிருந்த பெட்ரோல் இதற்குள் திரும்பியிருக்க வேண்டும். இஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமியது.

பரிசோதகர் குந்தி உட்கார்ந்து, படத்தை ஒடுக்குக்குப் பக்கத்தில் பிடித்து, மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். "கார் படத்தோட ஒத்துப்போகுது," என்று சொல்லி, பானெட்டின் மேலேயே சான்றிதழை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பல் டாக்டர் காரைச் சுற்றிவந்து தயங்கினார். "அக்கா, பந்தயத்துக்குள்ள இந்த ஒடுக்கை மட்டும் கொஞ்சம்..."

டிங்கரக்கா சீட்டுக்குள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். "யாராவது அது மேல கையை வச்சா, டாக்டர், அடுத்த உதை எங்க விழும்னு நானே சீட்டு எழுதித் தர்றேன்."