பின்கண்ணாடியில் ஒட்டிய கல்லூரி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஓஹியோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சோளக்காட்டுக்கும் டயர் தொழிற்சாலைக்கும் நடுவே சிக்கிக்கொண்ட எங்கள் ஊரில், ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு அன்று, ஹாஸ்கெட் குடும்பத்தாரின் சமையலறை மேஜையில், மனிதகுலத்தின் உயர்கல்வி பற்றிய இறுதி மாநாடு கூடியது. தலைமை: வெர்ன் ஹாஸ்கெட், மரச்சாமான் கடையில் சோபாப் பிரிவின் மேலாளர். முன்னிலை: அவர் மனைவி லோர்னா. விவாதப் பொருள்: அவர்களின் ஒரே மகள் கோரா. விவாதப் பொருள் மேஜையோரத்தில் உட்கார்ந்து பாலில் ஊறிப்போன சோள அவலைக் கரண்டியால் அமுக்கிக்கொண்டிருந்தது. அதன் கருத்தை யாரும் கேட்கவில்லை.

போட்டியில் மிஞ்சியவை இரண்டு கல்லூரிகள், கெல்பர்ன், தோர்ன்பி. இரண்டும் சின்னவை. இரண்டிலும் குளம் உண்டு, குளத்தில் வாத்து உண்டு. இரண்டும் அனுப்பிய வண்ணப் புத்தகங்களின் அட்டையில் ஒரு பெரிய மரம், மரத்தடியில் மூன்று மாணவர்கள், அதில் ஒருத்தி வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று இரண்டு புத்தகங்களும் சொல்லவில்லை. அவள் கட்டணப் பக்கத்தை இன்னும் புரட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கல்லூரிகளும் தாங்கள் வேலைக்கு ஆள் தயாரிக்கவில்லை, முழு மனிதரை உருவாக்குகிறோம் என்று சத்தியம் செய்தன. எங்கள் ஊரில் டயர் தொழிற்சாலை மட்டும்தான் அரை மனிதரை வைத்துக் காலம் தள்ளுகிறது போலிருக்கிறது.

கோராவுக்கு வேண்டியது கெல்பர்ன். காரணம் மரமும் அல்ல, வாத்தும் அல்ல. போன இலையுதிர் காலத்தில் அங்கே சுற்றிப்பார்க்கப் போனபோது, மார்ட்டா லிண்ட் என்ற நிலவியல் பேராசிரியை அவளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, "அந்தக் கல்ல உடை" என்றாள். உடைத்தாள். உள்ளே கடல்பூச்சி ஒன்றின் தடம், விரல்நகம் அளவுக்கு, கோடு கோடாக. "இத பாக்குற மொத மனுஷி நீதான்" என்றாள் லிண்ட், மூக்கைச் சிந்திக்கொண்டே, ஒரு பெரிய விஷயமே இல்லாததுபோல. அன்றிலிருந்து கோரா வேறு எதையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. தோர்ன்பியில் நிலவியல் கிடையாது. 'பூமியோடு உரையாடல்' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் பூமி பேசாது, மாணவர்கள்தான் பேசுவார்கள்.

ஆனால் உதவித்தொகையெல்லாம் கழித்தபின் கெல்பர்ன் தோர்ன்பியைவிட ஆண்டுக்கு ஒன்பதாயிரம் டாலர் அதிகம்.

"இதுல பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் வெர்ன். "ஆயிரம் டாலர் சோபாவுக்கு நாங்க ரெண்டாயிரம்னு சீட்டு ஒட்டுவோம். அப்புறம் அதைக் கோடு போட்டு அடிச்சிட்டு ஆயிரம்னு எழுதுவோம். வாங்குறவன் ஆயிரம் மிச்சம்னு பொண்டாட்டியக் கட்டிப் புடிச்சுக்குவான். இந்தக் காலேஜ்காரனுங்க அந்தக் கோட்டுக்கு 'நிறுவனர் உதவித்தொகை'ன்னு பேர் வச்சிருக்கானுங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

"நீ யாரையும் கட்டிப் புடிச்சு நான் பாத்ததில்லயே" என்றாள் லோர்னா.

"நான் சோபா வாங்குறவன் இல்ல, விக்கிறவன்."

"அதான் வீட்டுல உக்கார ஒரு நல்ல சோபா இல்ல."

திட்டம் இதுதான். செவ்வாய்க்கிழமை நேரில் கெல்பர்ன் போவது. தோர்ன்பி தரும் தொகையைக் காட்டுவது. மூன்று பேரும் சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவுபோல முகத்தை வைத்துக்கொள்வது. "சரக்கு புடிச்சிருக்குன்னு காட்டுனா செத்தோம். கோரா, வாத்தப் பாத்துக்கூடச் சிரிக்காத."

"நான் வீட்டுலயே இருக்கேன்" என்றாள் கோரா.

"பொண்ண கண்ணால பாத்தாத்தான்டி அவனுக்கு மனசு எளகும்."

"அப்ப நான்தான் சோபாவா?"

லோர்னா தட்டுகளை எடுத்தாள்.

கெல்பர்னில் துணைத் தலைவர் ப்ரெஸ்காட்டின் அறை முதல் மாடியில் இருந்தது. அவருடைய முழுப் பதவி 'சேர்க்கை உத்திகளுக்கான துணைத் தலைவர்'. முன்காலத்தில் இதே வேலையைச் செய்தவரைக் குமாஸ்தா என்றார்கள், அவரும் கூப்பிட்டதும் வந்தார். ப்ரெஸ்காட் முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு வந்தார். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு. மேலே கூரையில் ஈரம் படர்ந்த மஞ்சள் திட்டு ஒன்று. அதன் நேர் கீழே பூந்தொட்டி போன்ற ஒரு வாளி இருந்தது, ஆனால் அதில் பூ இல்லை.

"கெல்பர்ன்ல நாங்க விலையப் பத்திப் பேசுறதில்ல, மிஸ்டர் ஹாஸ்கெட்" என்று ஆரம்பித்தார். "மதிப்பப் பத்தித்தான் பேசுவோம்."

"எங்க கடையிலயும் அப்படித்தான். வெல கட்டாதப்ப."

"இங்க ஒரு குழந்தை வெறும் மாணவியா வர்றதில்ல. ஒரு உரையாடலுக்குள்ள வர்றா."

"அந்த உரையாடல் தோர்ன்பில ஒன்பதாயிரம் கம்மி, சார்."

ப்ரெஸ்காட் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். தோர்ன்பி என்ற சொல் அந்த அறையில் தும்மல்போல விழுந்துவிட்டது. "தோர்ன்பியை நாங்க சக நிறுவனமா கருதுறதில்ல" என்றார். "அவங்களுக்கு ஒரு தாராள மனசு இருக்கு. தாராளமா இருக்க வேண்டிய அவசியமும் இருக்கு."

வெர்னின் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. இருபது வருஷம் சோபா விற்ற முகம். லோர்னாவும் பரவாயில்லை, பல்வலிக்காரிபோல உட்கார்ந்திருந்தாள். கோரா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரெஸ்காட் எழுந்து சன்னல் ஓரம் போனார், எண்களைக் கூட்டிப் பார்க்கிறவர்போல. அந்த நிமிஷத்தில் அவர் இறங்கி வந்துவிடுவார் என்றுதான் தோன்றியது.

"கீழ நிக்கிற நீல வேன் உங்களோடதா?"

"ஆமா."

"அழகா இருக்கு" என்றார் ப்ரெஸ்காட். குரல் வெண்ணெயாகிவிட்டது. "பின்னாடி கண்ணாடி."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அந்தப் பெயரை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். தேவாலய வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, சனங்கள் வேதாகமம் படிப்பதற்கு முன்னால் பின்கண்ணாடிகளைத்தான் படிப்பார்கள். லோர்னாவின் நாத்தனார் க்வென் இரண்டு வருஷமாக நல்ல பெயர் ஒன்றை ஒட்டிக்கொண்டு, வேண்டுமென்றே முன்வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு அவள் வண்டிக்குப் பக்கத்தில் லோர்னாவின் நீல வேன் நின்றது, கண்ணாடியின் முழு அகலத்துக்கும் ஊதா எழுத்தில் 'கெல்பர்ன் குடும்பம்' என்று. முன்கதவில் ஏறி இறங்கும் வெர்னின் கண்ணில் மட்டும் அது படவில்லை. வீட்டு மாநாடு கூடியது அதே நாள் மத்தியானம்.

"எங்க குடும்பத்துக்கு நல்வரவு" என்று கை நீட்டினார் ப்ரெஸ்காட். "தொகையில மாற்றம் எதுவும் சாத்தியமில்ல. ஆனா உங்க உற்சாகம் எங்களுக்குப் பெரிய பலம்."

வண்டி நிறுத்துமிடத்தில் வெர்ன் வாயைத் திறந்தார். வாத்துகள் தண்ணீருக்குள் இறங்கின.

"மூஞ்சிய மூடி வைடின்னு சொன்னா, வண்டி முழுக்க எழுதி ஒட்டியிருக்க! கூடவே என் சம்பளச் சீட்டையும் ஒட்டியிருக்கலாம்ல?"

"அத ஒட்டினா யாரு படிக்கிறது? எழுத்து அவ்ளோ சின்னது."

"உன் நாத்தனாருக்குக் காட்ட ஒன்பதாயிரம்! வருஷத்துக்கு ஒன்பதாயிரம்!"

"அவ உன் தங்கச்சி. உன் வீட்டாளுங்க என்னைப் பதினெட்டு வருஷமா எப்படிப் பாத்தாங்கன்னு உனக்கு என்னிக்காவது தெரியுமா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் அவ பக்கத்துல நிறுத்தினேன்."

"நிறுத்தினல்ல? இனிமே தோர்ன்பின்னு ஒட்டு. முடிஞ்சு போச்சு."

கோரா வேனின் பக்கக் கதவைத் திறந்தாள். இருக்கைக்கு அடியிலிருந்து பனி சுரண்டும் தகட்டை எடுத்தாள். பின்னால் போய் 'கெ' என்ற எழுத்தின் தலையில் வைத்து இழுத்தாள். சத்தத்தில் பல் கூசியது.

"என்னடி பண்ற?"

"முடிஞ்சு போச்சுன்னு நீதானப்பா சொன்ன." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்ல அவர்களுக்குத் தெரியும். "ரெண்டு பேரும் ஒரு தடவ கூட, ஒரே ஒரு தடவ கூட, அந்தக் கல்லுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கல. அம்மா வண்டிக்கு ஒரு பேர் வேணும், உனக்கு ஒரு பேரம் வேணும். எனக்கு எதுவும் வேணாம். தோர்ன்பி போறேன். பூமியோட உரையாடிக்கிறேன்."

ஊதாத் துணுக்குகள் அவள் காலணி மேல் விழுந்தன. லோர்னா தடுக்கக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். 'கெல்' போய்விட்டது. அப்போதுதான் கட்டடத்துக் கதவு அடித்துத் திறந்தது.

ப்ரெஸ்காட் ஓடிவந்தார். தோல் ஒட்டுப் போட்ட கோட்டை மேலேயே விட்டுவிட்டு, சட்டையோடு, ஒரு கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு. ஓடும்போது துணைத் தலைவர்கள் மற்ற மனிதர்களைப் போலத்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் தொந்தி அதிகம். மாணவர்கள் முன்பணம் கட்டக் கடைசி நாளான மே முதல் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அவர் நிரப்ப வேண்டிய விடுதிப் படுக்கைகளில் எத்தனை காலி என்று அவர் மூச்சே சொன்னது.

"மிஸ் ஹாஸ்கெட்! ஒரு நிமிஷம்! இப்பத்தான் பாத்தேன்... தலைவரோட சிறப்பு நிதில... எட்டாயிரம். வருஷா வருஷம்."

வெர்ன் திரும்பினார். முகத்தில் சாவு வீடு திரும்ப வந்து உட்கார்ந்தது. "ஒன்பது" என்றார்.

"சரி" என்றார் ப்ரெஸ்காட், யோசிக்கவே இல்லை.

"இது எங்கேர்ந்து சார் வருது திடீர்னு?"

"உள்ளுக்குள்ள சில முன்னுரிமைகள மறுபரிசீலனை பண்ணிட்டிருக்கோம்."

"குடோனக் காலி பண்றீங்க" என்றார் வெர்ன், தொழில் மரியாதையோடு. இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு இரண்டு வியாபாரிகள் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட ஒரே நேரம் அது.

கோரா தகட்டைக் கீழே இறக்கினாள். "டாக்டர் லிண்டோட வகுப்புல எனக்கு இடம் கிடைக்குமா?"

"டாக்டர் லிண்ட்... அருமையான சக ஊழியர்" என்றார் ப்ரெஸ்காட், அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே. "அருமையானவங்க."

முன்பணத்தை அங்கேயே போனில் கட்டினார்கள். கட்டியது திரும்ப வராது என்று திரையில் எழுதியிருந்ததை லோர்னா சத்தமாகப் படித்தாள், வாழ்த்து படிப்பதுபோல. வீட்டுக்குப் போகும் வழியில் வெர்ன் மூன்று பேருக்கும் வறுத்த கோழி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரப் பெண்ணிடம், கேட்காமலேயே, "எம் பொண்ணு கெல்பர்ன்" என்றார். லோர்னா அவர் தட்டில் தன் தொடைத்துண்டை எடுத்து வைத்தாள். மீண்டும் வண்டியில் ஏறியதும் பின் இருக்கையில் கோரா மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மெல்ல மூடினாள். சிரித்தாள். தொட்டில் காலத்துக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்ததில்லை என்று லோர்னா அன்று மாலையே க்வென்னுக்குப் போன் செய்து சொன்னாள்.

ஜூலையில் கெல்பர்ன் கல்லூரி நிலவியல் துறையை மூடியது.